முனையிலிருந்து தெரிந்த படகு

என் கணவர் லெயாந்த்ரோ மஸ்ஸோனே முந்நூறு படங்களுக்கு மேல் வரைந்தார். வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றி ஜெனோவாப் பத்திரிகைகள் எழுதியதையெல்லாம் வெட்டி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவற்றில் எதிலும் வராததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் காலாமோரா. ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் கடலுக்குத்தான் போக வேண்டும் என்று இருந்த ஊர். லெயாந்த்ரோவுக்கோ படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனாலேயே அவருடைய பெரியப்பா, கோயில் சாமியாராக இருந்தவர், அவரை ஜெனோவாவில் ஓவியம் படிக்க அனுப்பினார். நாலு வருஷம் கழித்துத் தாடியோடும் ஒரு வண்டி நிறையத் துணிச்சுருளோடும் திரும்பி வந்தார். வந்த மறு வருஷம் என்னைக் கட்டிக்கொண்டார்.

என் அண்ணன் சில்வேரியோவுக்கு அவரைக் கேலி செய்யாவிட்டால் சோறு இறங்காது.

"மாப்ள, நாள் பூரா கடல வரையற. அதுல கால நனைக்கச் சொன்னா மட்டும் அழுவுற. மீன் பிடிக்காத செம்படவன் மாதிரி இருக்குடா உன் கதை."

"வரையறதுக்கு நனையணும்னு எங்க எழுதியிருக்கு மச்சான்?"

"எழுதலதான். ஆனா நீ போடற அலை நனையாதவன் போட்ட அலையாவே இருக்கே!"

கேலி செய்வானே தவிர, ஊரில் அந்தப் படங்களை ஒரு வேலையாக மதித்துப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். கடலுக்குப் போகாத நாட்களில் அவருடைய சட்டத்தையும் வண்ணப் பெட்டியையும் தோளில் தூக்கிக்கொண்டு முனைக்கு ஏறுவான். எந்தக் காற்று எந்தப் பக்கம் அலையைச் சாய்க்கும் என்று சொல்லிக்கொடுப்பான். "அலை உடையறதுக்குக் கண்ணிமைக்கிற நேரம் முன்னாடி உள்ள ஒரு பச்சை வரும் பாரு, புட்டிக் கண்ணாடி மாதிரி. அது உன் படத்துல இல்ல மாப்ள," என்பான். அவரும் அதைத் தேடித் தேடிப் போடுவார். வராது.

முனை என்று நான் சொல்வது எங்கள் ஊரைக் காற்றிலிருந்து மறைத்து நிற்கும் குன்று. அதன் உச்சியில் புனித நிக்கொலாஸ் சிற்றாலயம். வாசலிலேயே ஒரு மணி, அதன் கயிறு கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். ஊர் குன்றுக்கு உள்பக்கம் இருப்பதால் வெளிக்கடலில் நடப்பது எங்களுக்குத் தெரியாது. மேலே நிற்பவர் யாராக இருந்தாலும், ஒரு படகு தடுமாறுவதைக் கண்டால் அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும். மணி கேட்டதும் கரையில் இருக்கும் ஆட்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எட்டுத் துடுப்புப் படகைத் தள்ளுவார்கள். ஐந்து வயசுக் குழந்தைக்கும் இது தெரியும்.

மூன்று முறை லெயாந்த்ரோ ஜெனோவாக் கண்காட்சிக்குக் கடல் படம் அனுப்பினார். மூன்றும் திரும்பி வந்தன. மூன்றாவதோடு நடுவர் ஒருவர் ஒரு சீட்டும் எழுதி அனுப்பியிருந்தார். லெயாந்த்ரோ சாப்பாட்டு மேசையில் வைத்து எங்கள் எல்லோருக்கும் அதை உரக்கப் படித்துக் காட்டினார். "கடல் அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் கடலில் யாருக்கும் ஆபத்து இல்லை."

படித்துவிட்டுச் சிரித்தார். சில்வேரியோவும் சிரித்தான். அன்று அவர் எதுவும் சாப்பிடவில்லை. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. செத்துப்போன கப்பல் தலைவர்களைப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்துகொடுத்துக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணன் தனியாகத்தான் போனான். எப்போதும் கூடப் போகும் கிழவர் பாச்சிச்சாவுக்குக் கையில் முள் குத்தி வீங்கியிருந்தது. "வலைய எடுத்துட்டு மதியத்துக்குள்ள வந்துருவேன், நீ கையக் கட்டிக்கிட்டு உக்காரு," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். காலையில் கடல் தட்டில் வைத்த எண்ணெய் மாதிரி இருந்தது. லெயாந்த்ரோவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முனைக்குப் போனார்.

மதியத்துக்குச் சற்று முன் தென்மேற்கிலிருந்து காற்று வந்தது. காயப்போட்ட துணியை அள்ளுவதற்குள் இரண்டு சட்டை பறந்து போய்விட்டது. மழை கொட்டியது. இரண்டு மணி சுமாருக்கு லெயாந்த்ரோ வந்தார். மேல்சட்டையைக் கழற்றித் துணிச்சட்டத்தைச் சுற்றியிருந்தார். உடம்பு தொப்பலாக நனைந்து பல் கிட்டியது.

"படத்த நனையாம கொண்டாந்து நீங்க நனைஞ்சிருக்கீங்களே. எப்ப இறங்கினீங்க?"

"மழை ஆரம்பிச்சப்பவே. வழியில மரத்தடியில நின்னேன்."

அவருக்குச் சூடாகத் திராட்சை மது கொடுத்துப் படுக்க வைத்தேன். மூன்று மணிக்கு அண்ணி ஜெரோனிமா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "இங்க வந்தாராடி உங்கண்ணன்? எல்லாப் படகும் வந்துருச்சு."

ஆட்கள் படகு தள்ளிப் போனார்கள். பொழுது சாயும்போது ஒரு துடுப்போடும் ஒரு பலகையோடும் வந்தார்கள். மூன்றாம் நாள் பக்கத்து ஊர்க் கரையில் அண்ணன் ஒதுங்கினான். சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரில் லெயாந்த்ரோவும் ஒருவர். கல்லறையில் அவர் அழுத அழுகையைப் பார்த்து ஜெரோனிமாவே அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "போதும் தம்பி, போதும். அவரு உன்னக் கூடப்பிறந்தவனாத்தான் நெனச்சாரு."

அந்தக் குளிர்காலம் முழுக்க மாடியறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அவர் வரைந்தார். என்னைக்கூட உள்ளே விடவில்லை. துக்கத்தை அப்படித் தீர்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக் கதவுக்கு வெளியே சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவேன். மார்ச் மாதம் ஆள் உயரப் பெட்டி ஒன்று ரயிலேறி ஜெனோவாவுக்குப் போனது. மே மாதம் தந்தி வந்தது. தங்கப் பதக்கம். மிலானோவிலிருந்து வந்த ஒரு கனவான் முதல் நாளே படத்தை வாங்கிவிட்டாராம். ஞாயிறு பூசையில் சாமியார் அதைச் சொன்னபோது ஊரே திரும்பி எங்களைப் பார்த்தது. லெயாந்த்ரோ குனிந்து காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் வந்து பாக்கறேங்க," என்றேன்.

"வேண்டாம் செவெரீனா. அது கடல். இப்போதைக்கு உனக்குக் கடல் வேண்டாம்."

என் மனம் நோகக் கூடாது என்றுதான் சொல்கிறார் என்று நம்பினேன்.

ஆனால் ஜெரோனிமா விடவில்லை. "நம்ம ஊர்க் கடல் ஜெனோவால தொங்குதாம். உங்கண்ணன் இருந்தா மொத ரயில்ல போயிருப்பாரு. அவருக்குப் பதிலா நான் போறேன். நீ வரியா, இல்ல நான் பாச்சிச்சாவக் கூட்டிக்கிட்டு ஓடிப்போனேன்னு ஊர் பேசட்டுமா?" என்றாள். அண்ணன் போனபின் அவள் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. எப்படி மறுப்பது? அந்த வாரம் படம் வாங்கியவரின் அழைப்பின்பேரில் லெயாந்த்ரோ மிலானோ போயிருந்தார். நாங்கள் மூவரும் கிளம்பினோம். பாச்சிச்சா தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார், பொத்தான் எட்டவில்லை. ரயிலில் ரொட்டியும் உப்பிட்ட நெத்திலியும் தின்றுகொண்டு போனோம்.

கண்காட்சி மண்டபத்தில் அந்தப் படத்தின் முன் மட்டும் கூட்டம். பட்டுக்குடை வைத்த சீமாட்டிகள், கைத்தடி வைத்த கனவான்கள். பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். முதலில் எனக்குத் தோன்றியது பெருமைதான். என் கணவரா இதை வரைந்தார்! மேகம் கிழிந்து ஒரு கீற்று வெளிச்சம் கறுத்த கடலில் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் ஓர் அலை எழும்புகிறது, உடையப் போகிற அலை. அதற்குள் அந்தப் பச்சை இருந்தது. அலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் படகு. பாய் பாதி கிழிந்து தொங்க, ஒரு மனிதன் எழுந்து நின்று கையைத் தூக்கியிருந்தான்.

ஒரு கனவான் தன் மனைவியிடம் சொன்னார்: "என்ன உண்மை பார்! கூடவே நின்று பார்த்தது போல இருக்கிறது."

ஜெரோனிமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். மூக்கு படும் தூரத்தில் நின்றாள். காவலர் வந்து, "தள்ளி நில்லும்மா," என்றார். அவள் காதில் விழவில்லை.

"செவெரீனா, இங்க வா. இந்த ஒட்டப் பாரு."

படகின் பாயில், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு நீலத் துண்டு. கோணல் சதுரம்.

"இது என் சமையல் முன்துணி. வியாழக்கிழமை சாயங்காலம் கிழிச்சு நான்தான் தைச்சேன். அவரு போன வெள்ளிக்கிழமை காலையிலதான் மொதமொத அந்தப் பாய விரிச்சாரு."

வேறு எங்காவது பார்த்திருப்பார், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மனம் ஓடியது. பாச்சிச்சா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம வெளிக்கடல்ல இருக்கிற துறவிப் பாறை தெரியுது. அதுக்குப் பின்னால தீவோட வாலும் தெரியுது," என்றார் மெதுவாக. "ரெண்டும் ஒண்ணா தெரியணும்னா சிற்றாலய வாசல்லதான் நிக்கணும். வேற எங்க நின்னாலும் தெரியாது. அம்பது வருஷமா அந்தக் குன்றுல ஏறி இறங்குறேன்."

"அதுக்கு?" என்றேன்.

"அதுக்கு ஒண்ணுமில்லம்மா. மணிக்கயித்துக்குப் பக்கத்துல நின்னிருக்கான். படகு நிக்கிற எடத்துலேருந்து அந்தப் பாறையில போய் மோத, அந்தக் காத்துல, அரை மணி நேரமாவது ஆகும். எட்டுப் பேரு துடுப்புப் போட்டா நாங்க கால் மணியில போயிருவோம்." பிறகு தன் வீங்கி ஆறிய கையைப் பார்த்துக்கொண்டு, "நானும்தான் கரையில உக்காந்திருந்தேன்," என்றார்.

அன்று மாலை ரயிலிலேயே ஊர் திரும்பினோம்.

லெயாந்த்ரோ மறுநாள் காலை மிலானோவிலிருந்து வந்தார். எனக்கு ஒரு பட்டுக் கழுத்துத்துணி வாங்கி வந்திருந்தார். அதை அவர் மேசைமேல் வைக்கும்போதே கேட்டேன்.

"அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் படகப் பாத்தீங்களா?"

அவர் உட்காரவில்லை. கோட்டையும் கழற்றவில்லை.

"பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. அவன் எப்பவும் சமாளிச்சிருவான், செவெரீனா. பத்துத் தடவை பாத்திருக்கேன், இதவிட மோசமான காத்துல. இப்பவும் திருப்பிருவான்னு நெனச்சேன். அப்பத்தான் மேகம் விலகுச்சு. பன்னண்டு வருஷமா அந்த வெளிச்சத்துக்காக நின்னிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு... கை தானா ஓடுச்சு. தலைய நிமித்தினேன், படகு இல்ல."

"அப்பவாவது மணி அடிச்சிருக்கலாமே!"

"கயித்தப் பிடிச்சேன். அப்ப அடிச்சா, ஏன் முன்னாடியே அடிக்கலன்னு கேப்பாங்க. பிடிச்ச கைய விட்டுட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான் அந்தக் கழுத்துத்துணியை அடுப்பில் போட்டேன். பட்டு எரிகிற நாற்றம் வீடு முழுக்க இருந்தது. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெரோனிமா அன்று மத்தியானம் வந்தாள். கத்துவாள், சாபம் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கறுப்புச் சால்வையைச் சரிசெய்துகொண்டு மேசையில் லெயாந்த்ரோவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவரக் கடைசியாப் பாத்தது நீ. எனக்குத் தெரியணும். எப்படி இருந்தாரு?"

"அக்கா..."

"அக்கான்னு சொல்லாத. பாத்தத மட்டும் சொல்லு."

அவர் சொன்னார். பாய் கிழிந்ததும் சில்வேரியோ அதை இறக்கப் பார்த்ததை, கயிறு சிக்கிக்கொண்டதை, கத்தியால் அறுத்ததை, பிறகு துடுப்பை எடுத்ததை. கையில் தூரிகை வைத்துப் பார்த்த மனிதர், ஒன்று விடாமல் பார்த்திருந்தார். ஜெரோனிமா நடுவில் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"பயந்தாரா?"

"இல்ல. வேலையா இருந்தான். அப்புறம் எழுந்து நின்னு கையத் தூக்கினான்."

"யாரப் பாத்து?"

லெயாந்த்ரோ என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று நானும் மனசுக்குள் கெஞ்சினேன்.

"என்னப் பாத்து. முனையில நான் நிக்கிறது அவனுக்குத் தெரிஞ்சுது."

ஜெரோனிமா வெகுநேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப மணி அடிக்கும்னு நெனச்சுக்கிட்டே போயிருக்காரு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பாச்சிச்சா யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இருந்தாலும் ஒரே வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் எங்கள் கதவில் கல் எறியவில்லை. லெயாந்த்ரோ வணக்கம் சொன்னால் ஆண்கள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரி ரொட்டியை அவர் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தாள். எனக்கு மட்டும் எப்போதும்போல் கையில் கொடுத்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மிலானோவிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அதே மாதிரி ஆறு படம் வேண்டும், அதே வெளிச்சம், அதே படகு. அவரும் முயன்றார். கடல் வந்தது, மேகம் வந்தது. படகு இருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் தூரிகையைக் கழுவி வைத்துவிடுவார். படகில்லாமல் இரண்டு படம் அனுப்பினார். "கடல் சரி, படகு எங்கே?" என்று பதில் வந்தது. நாலு வருஷத்தில் பத்திரிகைகள் அவரை மறந்துவிட்டன.

ஒருமுறை அந்தப் படத்தைத் திருப்பிக் கேட்க மிலானோவுக்கே போனார். வாங்கியவர் மரியாதையான மனிதர். காபி கொடுத்து, சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்த படத்துக்கு எதிரே உட்கார வைத்து, தர முடியாது என்று சொல்லி அனுப்பினார். லெயாந்த்ரோ வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

"கிழிச்சுடலாம்னுதான் போனேன்," என்றார். "அது நல்லா இருக்கு, செவெரீனா. ரொம்ப நல்லா இருக்கு. அதத்தான் தாங்க முடியல."

பிறகு ஒரு நாள் பக்கத்து ஊர் மாலுமி ஒருவன் வந்தான். அவனுடைய கப்பல் முழுகி, ஒரு பீப்பாயைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவன். மாதாவுக்கு நேர்ந்துகொண்ட காணிக்கைப் பலகை வேண்டும் என்றான். எங்கள் பக்கத்துக் கோயில் சுவர்களில் அவை நிறைய இருக்கும்: புயல், கப்பல், மூலையில் மேகத்துக்குள் மாதா, கீழே பிழைத்தவன் பெயரும் தேதியும். ஜெனோவாவில் படித்தவர்கள் அந்த வேலையைக் கையால் தொட மாட்டார்கள். அவர் செய்தார். அதற்குப் பிறகு அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வருகிறவர்களிடம் புயலைப் பற்றியோ கப்பலைப் பற்றியோ அதிகம் கேட்க மாட்டார். "உன்ன மொதல்ல பாத்தது யாரு?" என்று கேட்பார். கலங்கரை விளக்கக் காவலர், இன்னொரு கப்பலின் சமையல்காரன், ஆடு மேய்த்த ஒரு பெண், யாராக இருந்தாலும் அந்த ஆளையும் பலகையின் ஓரத்தில் வரைந்துவிடுவார். மாதாவுக்கு மட்டும்தான் காணிக்கை என்று சாமியார் முணுமுணுத்தார். அவர் கேட்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் தனி அறையில் படுத்தேன். மூன்றாம் வருஷம் அவருக்கு நெஞ்சுச் சளி கண்டு இருமியபோது என் படுக்கையை மறுபடி அவர் பக்கத்தில் போட்டேன். தினமும் சமைத்தேன், துணி துவைத்தேன், சில நாள் சேர்ந்து சிரிக்கவும் செய்தோம். மன்னித்துவிட்டேன் என்று அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

அண்ணன் போய்ப் பத்தொன்பது வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரியில், அதே நெஞ்சுச் சளியில் அவர் போனார். அடக்கத்துக்குச் சாமியாரும் நானும் பெட்டி தூக்க நாலு பேரும் இருப்போம் என்று நினைத்திருந்தேன். கோயிலுக்குள் போனால் முன்வரிசை பின்வரிசை எல்லாம் வெளியூர் மாலுமிகள். அவருடைய பலகைகளில் இருந்தவர்கள். எங்கள் ஊர் ஆண்கள் வெளியே மதிலோரம் நின்றார்கள். உள்ளே வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. பாச்சிச்சா அதற்குள் இறந்துவிட்டிருந்தார்.

ஜெரோனிமா வரவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்ட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். முழங்கையில் ஒரு மூடிய சட்டி, கக்கத்தில் ரொட்டி. பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அவள் காலடி பட்டதில்லை. தட்டு எங்கே இருக்கும் என்று அவளாகவே கண்டுபிடித்து எடுத்தாள். காய்கறிச் சூப்பை ஊற்றி என் முன் வைத்தாள்.

"சாப்பிடு. காலையிலேருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்ட."

"ஏன் அண்ணி வந்தீங்க?"

"உனக்காக வந்தேன். அவனுக்காக வரல." ரொட்டியைப் பிய்த்து என் தட்டோரம் வைத்தாள். "அன்னைக்கு என்கிட்ட பொய் சொல்லியிருக்கலாம் அவன். சட்டுனு முழுகிட்டாருன்னோ, மாதாவக் கூப்பிட்டாருன்னோ சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். அத எத்தனையோ தடவை நெனச்சுப் பாத்துட்டேன்."

"பொய் சொல்லியிருக்கணும்னு நெனக்கிறீங்களா?"

"தெரியலடி," என்றாள். "சூப்பு ஆறுது, குடி."

நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். பிறகு அவள் தட்டுகளைக் கழுவினாள். நான் துடைத்து அடுக்கினேன்.